யாரும் துரத்தவில்லை, தம்பி

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊர். வயது 23, தேயிலை ஃபேக்டரியில் வேலை. மூன்று வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். முதல் வருடம் ஒருவரிடம் கற்றேன், அப்புறம் எல்லாம் வீடியோ பார்த்துத்தான். ஸ்கேல் (ஸ்வர வரிசை) வாசிக்கும்போது மெட்ரோனோம் (தாள அடி எண்ணும் கருவி) நிமிடத்துக்கு 140 அடியைத் தாண்டினால் கை இறுகிப்போகிறது. ஆறு மாதமாக அதே 140-ல் நிற்கிறேன். என்னோடு வாசிக்கும் நண்பனுக்கு வேகமே கிடையாது. ஆனால் அவன் நாலு நோட் வாசித்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் வாசித்தால் “நல்ல ஸ்பீடு” என்று சொல்லிவிட்டு மறுபடி பேசப் போய்விடுகிறார்கள். வேகத்தை விட்டுவிட்டு ஃபீல் பக்கம் போய்விடலாமா? அது பிறவியிலேயே வர வேண்டியதா? டிசம்பரில் ஊரில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதில் எனக்கு ஒரு சோலோ (தனி வாசிப்பு). வீட்டில் இருப்பது அகூஸ்டிக். நிகழ்ச்சிக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை இரவல் வாங்கப் போகிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு கணக்கு. மெட்ரோனோம் 140, அடிக்கு நான்கு நோட் என்றால் நிமிடத்துக்கு 560. வினாடிக்கு ஒன்பதுக்கும் கொஞ்சம் கூடுதல். நீங்கள் “நிற்கிறேன்” என்று வருத்தப்படுகிற வேகம் இது. குன்னூரிலும் ஊட்டியிலும் கல்யாண வரவேற்பு, சர்ச் நிகழ்ச்சி, காலேஜ் விழா என்று எத்தனையோ மேடைக்குப் போயிருக்கிறேன். இதற்கு மேல் வேகம் கேட்ட பாட்டு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அதனால் 140-ஐத் தாண்ட முடியாததால்தான் உங்கள் சோலோ எடுபடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஒன்பது நோட்டும் கேட்பவர் காதில் ஒன்பதாக விழுகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அதற்காக “வேகத்தை விட்டுத் தள்ளுங்கள், ஃபீல் போதும்” என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் வேகமாக வாசித்துப் பார்த்து முடியாமல் விட்டவர்கள். நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சியில் இருந்தேன். வசதியான கட்சி, பயிற்சியே செய்ய வேண்டாம்.

அதற்கு முன்னால் நான் எதிர்க்கட்சி. இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ஊட்டியில் மே மாத சீசன், ஒரு ஹோட்டலில் தினமும் மாலை வாசிக்கிற வேலை. ஒரு பாட்டின் நடுவில் எனக்குப் பதினாறு பார் (தாளச் சுற்று) சோலோ கொடுத்தார்கள். ஆறு மாதமாகத் தேய்த்து வைத்திருந்த அத்தனை ஸ்கேலையும் அந்தப் பதினாறு பாரில் கொட்டினேன். கைதட்டினார்கள். முடிந்து சமையல்கட்டுப் பக்கம் டீ குடிக்கப் போனேன். அங்கே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: “ஏன் தம்பி, உன்னை யாராச்சும் துரத்துனாங்களா?”

ரொம்பக் கோபம் வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய வாசிப்பை ட்ரம்மர் கேசட்டில் பதிவு செய்திருந்தார். இரண்டு நாள் கழித்து அறையில் போட்டுக் கேட்டபோது பெரியவர் கேட்டது சரிதான் என்று தெரிந்தது. ஒரு நோட்டும் தப்பாக இல்லை. ஆனால் எல்லா நோட்டும் ஒரே கனம், ஒரே நீளம். வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு விடாமல் பேசுகிற ஆளைப் போல இருந்தது. அதைவிட மோசம், ட்ரம்முக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன், கடைசி வரைக்கும். ட்ரம்மர் பாவம், என்னைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். துரத்தியது அவர்தான் போல.

சரி, உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருவோம். ஃபீல் பிறவியில் வருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெரிய கேள்வி இருக்கட்டும், அது எதனால் ஆனது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு நோட்டில் நாம் கை வைக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: எப்போது தொடங்குகிறது, எவ்வளவு பலமாக, சுருதி எங்கே நிற்கிறது, எப்போது முடிகிறது. நம் மாதிரி வேகப் பைத்தியங்கள் முதல் ஒன்றை மட்டும் கவனிப்போம். கடைசி ஒன்றை யாருமே கவனிப்பதில்லை.

இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். நண்பர் வாசிக்கும் அதே நாலு நோட்டை அதே இடத்தில் நீங்களும் வாசித்து, இரண்டு பேர் வாசிப்பையும் போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். வாசித்த சூட்டில் கேட்டால் கை செய்ய நினைத்ததைத்தான் காது கேட்கும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கேளுங்கள். நண்பர் மூன்றாவது நோட்டை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறார், நாலாவதற்கு முன்னால் எவ்வளவு இடம் விடுகிறார், விரலை எடுக்கும்போது சத்தம் வெட்டுப்படுகிறதா, மெல்ல அடங்குகிறதா என்று பாருங்கள். அநேகமாக உங்களுடைய நோட்டுகள் அடுத்த நோட்டுக்குப் போகிற அவசரத்தில் பாதியில் கைவிடப்பட்டிருக்கும். இதில் பிறவி ஞானம் என்று எதுவும் இல்லை. விரலை எப்போது தூக்குவது என்கிற டெக்னிக், அவ்வளவுதான். அளக்கலாம், திரும்பத் திரும்பச் செய்து பழகலாம்.

சுருதியும் அப்படித்தான். தந்தியை வளைத்து சுருதியை ஏற்றும்போது ஏறக்குறைய மேலே போனால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஏறக்குறைய போனது அழுகை மாதிரி இருக்கும், அதுவும் பிடிவாதக் குழந்தையின் அழுகை. இரவல் வாங்கும் எலக்ட்ரிக்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இதைப் பழகுங்கள். முதல் தந்தியின் (மிக மெல்லியது) ஐந்தாம் ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த கம்பிகளுக்கு நடுவில் உள்ள கட்டம்) மீட்டிக் கேளுங்கள். அப்புறம் இரண்டாம் தந்தியின் எட்டாம் ஃப்ரெட்டைப் பிடித்து, அதே சுருதி வரும்வரை வளையுங்கள். மூன்றாம் விரல் வளைக்கட்டும், முதல் இரண்டு விரலும் அதன் பின்னால் அதே தந்தியில் துணைக்கு இருக்கட்டும். விரலால் தள்ளாதீர்கள். பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி மணிக்கட்டு திரும்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை போதும், ஆனால் பத்தும் சுருதியில் போய் நிற்க வேண்டும். ஒன்பதாவது தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

வைப்ரேட்டோ (பிடித்த நோட்டை அசைத்து அதிரவிடுவது) என்றவுடன் எல்லோரும் சொல்கிற பெயர் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங். அவருக்கு அது எப்படி வந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். உறவினர் புக்கா வைட், தந்தி மேல் ஸ்லைடை (உலோகத் துண்டு அல்லது கண்ணாடிக் குழாய்) இழுத்து வாசிப்பவர். அந்த ஓசை கிங்குக்கு வேண்டும், ஆனால் ஸ்லைடு கைக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் விரலையே தந்தியில் வைத்துக் கையை அதிரவிட்டுப் பார்த்திருக்கிறார். ஆக, ஒரு தோல்விக்குக் கண்டுபிடித்த மாற்று வழி அது. வேண்டுமானால் உங்கள் நண்பரிடமும் கேட்டுப் பாருங்கள். வேகம் வராததால் மீதி இருந்ததை இழைத்திருப்பார் என்பது என் ஊகம்.

இப்போது உங்கள் 140. ஆறு மாதமாக ஐந்து ஐந்தாக ஏற்றிப் பார்த்திருப்பீர்கள். 135 வந்தது, 140 வந்தது, 145-ல் கை மரக்கட்டை. “மெதுவாக வாசி, வேகம் தானாக வரும்” என்று எல்லா மாஸ்டர்களும் சொல்வோம். அது பாதி உண்மை. நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது ஓட்டமாக மாறியாக வேண்டும். மாறாமல் நடையையே இன்னும் வேகமாக நடந்தால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். உங்கள் வலது கை இன்னும் வேக நடைதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டம் எப்படி இருக்கும் என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் கோளாறு எந்தக் கையில் என்று கண்டுபிடியுங்கள். இடது கையை எடுத்துவிட்டு, ஒரே தந்தியைத் திறந்தபடி 160-ல் அடித்துப் பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் இறுக்கம் வலது கையில். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, அடி முழங்கையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். திறந்த தந்தியில் வருகிறது, இடது கை சேர்ந்தால் கெடுகிறது என்றால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் இறங்கவில்லை. ஒரே தந்தியில் இரண்டு கையும் சேர்ந்து நன்றாக வருகிறது, தந்தி மாறும்போது மட்டும் உடைகிறதா? என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான். தந்திக்கு மூன்று நோட் வீதம் ஸ்கேல் வாசித்தால், கீழ், மேல், கீழ் என்று மூன்றாவது அடி கீழ்நோக்கி முடியும். அடுத்த தந்தியை மேல்நோக்கி அடிக்க பிக் அந்தத் தந்தியையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது அந்தத் தாண்டல் தெரியாது. 145-ல் அதற்கு நேரமில்லை. கை பயந்துபோய் இறுகுகிறது.

இதற்கு மன உறுதி தேவையில்லை. நோட்டுகளை இடம் மாற்றி வைத்தால் போதும். ஒரு தந்தியில் இரண்டு அல்லது நான்கு நோட் வரும்படி அமைத்தால் ஒவ்வொரு தந்தியும் கீழ் அடியில் தொடங்கும். முடியாத இடத்தில் மூன்றில் ஒன்றை பிக் இல்லாமல் இடது விரலால் தட்டி எடுத்துவிடுங்கள். யாரும் உங்களைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-ல் தன் வண்டியில் தீப்பிடித்ததில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களின் பயனைப் பெரும்பாலும் இழந்தவர். சோலோ எல்லாம் ஏறக்குறைய இரண்டே விரலில்தான். அப்படியும் அவர் வேகத்தைப் பிடிக்க நான்கு விரல்காரர்கள் இன்றைக்கும் திணறுகிறார்கள். இருக்கிற விரலுக்கு ஏற்ப நோட்டுகளின் இடத்தை மாற்றிக்கொண்டார்.

வேகத்துக்கான பயிற்சி இது: மெட்ரோனோமை 170-ல் வையுங்கள். நான்கு நோட், ஐந்தாவதில் இறங்கி நிற்பது. அவ்வளவுதான். ஒரு முழு பார் சும்மா இருங்கள், தோளைத் தளர்த்துங்கள், பல்லைக் கடித்திருந்தால் விடுங்கள். மறுபடி நான்கு. இரண்டு வாரம் கழித்து எட்டு. நான்கு நோட்டுக்குள் கை இறுக நேரம் கிடைக்காது, அதுதான் சூட்சுமம். நடுவில் வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். விரல் மரத்துப்போவதும், ராத்திரி தூக்கத்தில் கை குத்துவதும் கிட்டார் மாஸ்டரிடம் கேட்கிற விஷயம் இல்லை, டாக்டரிடம் போங்கள். நான் ஒருமுறை வீம்பு பிடித்து நான்கு மாதம் கிட்டாரைத் தொட முடியாமல் இருந்திருக்கிறேன்.

இடது கை அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் விரலைத் தந்தியில் சும்மா வையுங்கள், மீட்டினால் ‘தட்’ என்று மட்டும் கேட்கும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்துங்கள். முதலில் கரகரக்கும், அப்புறம் ஒரு புள்ளியில் நோட் சுத்தமாக வரும். அந்தப் புள்ளியோடு நிறுத்தினால் போதும். நீங்கள் வழக்கமாக அழுத்துவது இதற்கு இரண்டு மடங்கு இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் கையால் கொழுந்து எடுக்கிற அக்காமார் இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கத்தரி வைத்து வெட்டுபவர்களைச் சொல்லவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளுகிற அளவுக்குத்தான் கிள்ளும். கிள்ளிய கொழுந்து உள்ளங்கைக்குள் போகும்போதே அடுத்த விரல் அடுத்த மொட்டில் இருக்கும். கை செடிக்கு மேல் நாலு விரற்கடைகூட உயராது. ஊர்க்கதை வேறு பேசிக்கொண்டிருப்பார்கள், முகத்தில் அவசரமே இருக்காது. புதிதாக வந்த பெண் பக்கத்தில் பரபரவென்று பறிப்பாள், மாலையில் எடை பார்த்தால் குறைவாக இருக்கும், முற்றல் இலையும் காம்புமாக. அந்த மூட்டை உங்கள் ஃபேக்டரிக்கு வரும்போது என்ன திட்டு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைவிட முக்கியமாகக் கேட்க நினைத்தது, உங்கள் அகூஸ்டிக்கில் தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஸ்கேலை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அளந்து பாருங்கள். ஸ்கேல் என்றால் பள்ளிக்கூட ஸ்கேல். தடித்த தந்திக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் நடுவில் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. நான்கு என்றால் நீங்கள் ஆறு மாதமாகக் கிட்டாரோடு மல்யுத்தம் செய்திருக்கிறீர்கள். நம் மலையில் இது ரொம்பச் சாதாரணம். மழையும் பனிமூட்டமுமாக மாதக்கணக்கில் ஈரம். அகூஸ்டிக்கின் மேல்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், அதோடு தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் உயரும், தந்தியும் உயரும். கோவையில் வாங்கியபோது வெண்ணெய் மாதிரி இருந்த கிட்டார் கோத்தகிரியில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் கம்பி வேலி ஆகிவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். 12 கேஜ் (தடிமன்) தந்தி போட்டிருந்தால் 11-க்கோ 10-க்கோ மாறுங்கள். வாசிக்காதபோது பெட்டிக்குள் இருக்கட்டும், வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள்.

காலைக் குளிரில் எடுத்தவுடன் வேகப் பயிற்சி வேண்டாம். வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக வாசித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெதுவாக வாசிப்பது எப்படி என்பதற்கு நம்மிடமே ஒரு நல்ல முறை இருக்கிறது. வாய்ப்பாட்டோ வீணையோ கற்றவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவார்கள். தாளம் போடுகிற கை வேகம் மாறாது. அதே ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. மெட்ரோனோமைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இது கடினம், உபயோகமும் அதிகம். 60-ல் வையுங்கள். உங்கள் ஸ்கேலை அடிக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று வாசித்து, அங்கேயே நிற்காமல் மறுபடி இரண்டு, ஒன்று என்று இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்ததும் பெரும்பாலோர் அடுத்த அடி வரும்வரை பொறுக்க மாட்டாமல் முன்னாலேயே விழுவார்கள். அந்தப் பொறுமையைத்தான் உங்கள் நண்பர் வைத்திருக்கிறார்.

வேகமும் ஃபீலும் ஒரே கையில் இருக்க முடியுமா என்ற சந்தேகம் வந்தால் மாண்டலின் ஸ்ரீனிவாஸின் வாசிப்பைக் கேளுங்கள். மின்னல் வேகம், அதற்குள்ளேயே கமகம். சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாக நான்கு ஜோடித் தந்தி. அதை விட்டு, எலக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்தி போட்டுக்கொண்டார். தந்தியை இழுத்து அசைத்து வாசிக்க ஜோடி தோதுப்படாது. தனக்கு வேண்டிய ஓசைக்காக வாத்தியத்தையே மாற்றினார், வேகத்தையும் விடவில்லை.

டிசம்பர் சோலோவுக்கு வருகிறேன். எட்டு பார் என்று வைத்துக்கொண்டால், முதல் நான்கை வாயால் பாடிப் பார்த்து, பாட வருவதை மட்டும் வாசியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் கிட்டாரும் நிற்கட்டும். ஐந்தாவது, ஆறாவதில் உங்கள் வேகத்தைக் காட்டுங்கள், தாராளமாக. உழைத்துச் சம்பாதித்ததை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் 140-ல் வரும் என்றால் மேடையில் 120-க்கு எழுதி வையுங்கள். மேடைப் பதற்றமும் டிசம்பர் குளிரும் சேர்ந்து மீதியைத் தின்றுவிடும். கடைசி இரண்டு பாரில் ஒரே ஒரு வளைவு, அந்த எட்டாம் ஃப்ரெட் வளைவு, சுருதிக்குப் போய் நின்று, நீங்களாக விடும்வரை. நண்பரை ரிதம் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் ஓடினால் அவர் முகம் மாறும், அதைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.

புதுத் தந்தி போடுவதானால் நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே போட்டு, இழுத்து இழுத்து ட்யூன் செய்து பழக்கிவிடுங்கள். அன்றைக்குக் காலையில் போட்டால் நிற்காது. வெளியே குளிரில் கிட்டார் இருந்தால் தந்தி சுருங்கி சுருதி ஏறும், விளக்கு வெளிச்சமும் கைச்சூடும் பட்டதும் இறங்கும். அதனால் மேடைக்குப் போய்க் கால்மணி நேரம் ஆன பிறகுதான் கடைசியாக ட்யூன் செய்ய வேண்டும். ட்யூனர் பேட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.